சைப்ரஸ் குளிர்காலம்: வெளியே வெயில், வீட்டுக்குள் ஸ்வெட்டர்

சைப்ரஸுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரப்போகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, "அங்கே குளிருமா?" என்பது. மத்தியதரைக் கடல், மணல், வருடம் முழுக்க வெயில் என்று விளம்பரங்களில் பார்த்துவிட்டு பெட்டியில் ஒரு மெல்லிய ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். குளிரும். நன்றாகவே குளிரும். ஆனால் தெருவில் இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிரும், அதுதான் யாரும் எதிர்பார்க்காத விஷயம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது லிமசோலில், தெற்குக் கடற்கரை. ஜனவரியில் பகலில் 17, 18 டிகிரி, இரவில் 8, 9 டிகிரி. தலைநகர் நிகோசியா கடலைவிட்டுத் தள்ளி உள்ளே இருப்பதால் அங்கே பகலில் 15, 16, இரவில் 5, 6. சில விடியற்காலைகளில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கி, கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். ஊட்டிக்கோ நுவரெலியாவுக்கோ போய் வந்தவர்களுக்கு இது பெரிய குளிராகத் தெரியாது. வெயில் இருக்கும் பகலில் கடற்கரைச் சாலையில் நடந்தால் சட்டையோடு போகலாம், காபிக் கடைகளில் எல்லோரும் வெளியே நாற்காலி போட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பரில்கூட சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில் உண்டு. நம் ஊர்க்காரர்களைத் திணற வைப்பது வேறொன்று: டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நாமெல்லாம் வருடம் முழுக்க ஆறு மணி, ஆறரை மணி என்று பழகியவர்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. அந்த நிமிஷத்திலிருந்து வெப்பநிலை சரசரவென்று இறங்கும், ஈரக் காற்று கிளம்பும், அப்புறம் வீட்டுக்குள் நுழைவோம், அங்கே தெருவைவிட ஒரு படி கூடுதலாகக் குளிருவதுபோல் இருக்கும்.

ஏன் இப்படி? கட்டடங்கள்தான் காரணம். இங்குள்ள பெரும்பாலான அடுக்கு வீடுகள் கான்கிரீட் தூண், துளை போட்ட செங்கல், மொட்டை மாடி, டைல்ஸ் அல்லது மார்பிள் தரை, தள்ளித் திறக்கிற ஒற்றைக் கண்ணாடி அலுமினிய ஜன்னல். வீடு கட்டும்போது எல்லோர் நினைப்பிலும் இருந்தது கோடை மட்டும்தான். புதிய கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு கட்டாயம் என்ற விதியே 2007 கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் கட்டியவற்றில் சுவர் என்பது சுவர் மட்டும், உள்ளே எந்த அடுக்கும் கிடையாது. நவம்பர் வரை அந்தச் சுவர் கோடையின் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். அது தீர்ந்த பிறகு மார்ச் வரை குளிரை வைத்துக்கொண்டிருக்கும். காலையில் கட்டிலிலிருந்து வெறும் காலைத் தரையில் வைத்தால் முழங்கால் வரை ஏறும். வீட்டுக்குள் போட ஒரு கெட்டியான செருப்பு வாங்குவதுதான் இங்கே குளிர்காலத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கோட்டெல்லாம் அப்புறம்.

வடக்கு ஐரோப்பாவிலிருந்து இங்கே வருகிறவர்கள் நம்மைவிட அதிகமாக நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஊரில் வெளியே மைனஸ் பத்து இருந்தாலும் வீட்டுக்குள் 21 டிகிரியில் அரைக்கை பனியனோடு இருப்பார்கள். இங்கே வெளியே 16, உள்ளேயும் 16, ராத்திரியில் 13, 14. இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்து வேலை பார்த்தால் விரல் நுனி மரத்துப்போகும்.

சூடாக்க வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு குறை. ஏசியையே ஹீட்டராக மாற்றிப் போடலாம், ஆனால் சூடான காற்று மேலே கூரையடியில் தங்கிவிடும், தலை சூடாகவும் கால் சில்லென்றும் இருக்கும். கரண்ட் பில் வேறு. இந்தத் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி எண்ணெயை எரித்துத்தான் வருகிறது, பக்கத்து நாடுகள் எதனுடனும் மின்கம்பித் தொடர்பும் இல்லை, அதனால் மின்சாரம் விலை அதிகம். சில பழைய கட்டடங்களில் டீசல் கொதிகலனும் சுவரோரம் ரேடியேட்டர்களும் இருக்கும். வாடகைக்கு இருக்கிறவர்கள் அதைப் போட யோசிப்பார்கள். ஆகவே பெரும்பாலான வீடுகளில் நீங்கள் பார்ப்பது சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர். முதுகில் சிலிண்டர், முகத்தில் மூன்று பீங்கான் தட்டுகள். ஒரு குமிழை அழுத்திப் பிடித்து, பொறி தட்டி, முதல் தட்டு சிவக்கும் வரை காத்திருந்து விட வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஹீட்டரைப் பற்றி ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. குழாயோ புகைபோக்கியோ இல்லை, எல்லாம் உள்ளேதான். அந்த ஆவி குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அலமாரிக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால், கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சை வருவது இப்படித்தான். துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டால் இன்னும் மோசம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், காலையில் பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. ஈரத்தை உறிஞ்சும் சின்ன மெஷின் ஒன்று வாங்க முடிந்தால் அதைப்போல உபயோகமான பொருள் வேறில்லை.

வீடு தேடும்போது வாடகையையும் பஸ் வசதியையும் கேட்கிறோம், ஜன்னல் எந்தத் திசை என்று கேட்பதில்லை. கேளுங்கள். டிசம்பர் நடுப்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரம்தான் ஏறும். அதனால் தெற்குப் பார்த்த அறையில் வெயில் சாய்ந்து உள்ளே நீண்டு, எதிர்ச் சுவர் வரை வரும். கோடையில் அதே சூரியன் உச்சிக்குப் போய்விடுவதால் பால்கனிக் கூரையே மறைத்துவிடும். வடக்குப் பார்த்த வீட்டுக்காரர் ஜனவரி முழுக்க ஹீட்டருக்குக் கொடுக்கும் காசைத் தெற்குப் பார்த்த வீட்டுக்காரர் சேமித்துவிடுவார்.

குளிக்கிற தண்ணீரும் சூரியனிடமிருந்துதான். இங்கே மொட்டை மாடி தோறும் கண்ணாடித் தகடும் உருளைத் தொட்டியுமாகச் சூரிய வெந்நீர்க் கருவி இருக்கும். வீட்டுக்கு வீடு இவ்வளவு பரவலாக இதைப் பயன்படுத்துகிற நாடு உலகத்தில் மிகக் குறைவு. பத்து மாதம் சுளுவாக ஓடும். இரண்டு நாள் தொடர்ந்து மேகம் மூடினால் குழாயில் வெதுவெதுப்புதான் வரும், அப்போது சுவரில் இருக்கிற கொதிகலன் சுவிட்சைக் குளிப்பதற்கு முன்னாலேயே போட்டு வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் இந்தச் சுவிட்சைக் காட்ட மறந்துவிடுவார், நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, குறை சொன்னது போதும். நான் இந்தத் தீவை நேசிப்பதே குளிர்காலத்தில்தான், அதற்குக் காரணம் மழை.

கடற்கரையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை என்பதே அநேகமாகக் கிடையாது. உயர் அழுத்தம் மேலே அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆகஸ்டில் தீவு வைக்கோல் நிறத்தில் கிடக்கும், நடு நாட்டு மெசவோரியா சமவெளியில் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ அந்த அழுத்தம் தெற்கே நகர, மேற்கிலிருந்து தாழ்வு நிலைகள் வரிசையாக வரத் தொடங்கும். சில தாழ்வுகள் இந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே உருவாகும் அல்லது வலுக்கும். வானிலை ஆய்வாளர்கள் அதற்கு 'சைப்ரஸ் தாழ்வு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லெபனானுக்கும் சிரியாவுக்கும் இஸ்ரேலுக்கும் குளிர்கால மழை கொண்டுபோவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் இத்தகைய கலக்கங்களில் சில மேல் காற்றோடு ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து இந்தியா வரைக்கும் போகும். ஜனவரியில் பஞ்சாபில் கோதுமைக்கு மழை, இமாச்சலில் பனி என்று டெல்லி வானிலைச் செய்தியில் வருகிறதே, அதன் ஆரம்பம் இந்தப் பக்கம்தான். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து இங்கே வானம் இருட்டினால் ஒரு கூடுதல் மரியாதை.

மழை பெய்கிற விதமும் நம்முடைய வடகிழக்குப் பருவமழையை ஓரளவு ஒத்தது. இரண்டு மூன்று நாள் இடியும் ஆலங்கட்டியுமாக அடித்து ஊற்றும், சாக்கடை வாய் அடைத்துக் கடற்கரைச் சாலையில் முட்டளவு தண்ணீர் நிற்கும், சில சமயம் கடலுக்குள்ளிருந்து நீர்த்தூண் சுழன்று எழுவதைப் பால்கனியிலிருந்தே பார்க்கலாம். அப்புறம் ஒரு வாரம் கழுவி விட்ட நீல வானம். அளவு மட்டும் வேறு. லிமசோலில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 400 மில்லிமீட்டர், சென்னையில் 1,400. இந்த 400-ஐ வைத்துத்தான் அடுத்த கோடை வரை ஓட்ட வேண்டும். வருடம் முழுக்க ஓடும் ஆறு என்று சொல்ல இங்கே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட அணைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, புழலில் எத்தனை அடி என்று டிசம்பரில் சென்னைக்காரர்கள் பேசிக்கொள்வோம் இல்லையா, இங்கேயும் அதே பேச்சு. நீர்வளத் துறை ஒவ்வோர் அணையிலும் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று இணையத்தில் போடுகிறது. முடிவெட்டும் கடையில், காய்கறிச் சந்தையில், ஆபீசில் காபி மெஷின் பக்கத்தில் எல்லாம் அந்த எண்தான். பெரிய அணை கூரிஸ், லிமசோலுக்கு மேலே மலையடிவாரத்தில். கொள்ளளவு 11.5 கோடி கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 4 டிஎம்சி, செம்பரம்பாக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அது நிரம்பி வழிவது அபூர்வம். 2019-லும் 2020-லும் அடுத்தடுத்து வழிந்தபோது ஊரே காரை எடுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்பியது. குழந்தைகள், தாத்தா பாட்டிகள், போர்வை போர்த்திய கைக்குழந்தை வரைக்கும். கலிங்கு வழியாக வெள்ளையாக விழுகிற தண்ணீரை எல்லோரும் பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அணைக்குள் ஒரு தேவாலயம் இருக்கிறது. அலாசா என்ற கிராமம் இருந்த இடம் அது. 1980-களில் அணை கட்டும்போது ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள், புனித நிக்கோலஸ் தேவாலயம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் அது தண்ணீருக்குள் போய்விடும். வறண்ட வருடங்களில் வெடித்த சேற்றின் மேல் நடந்து வாசல் வரைக்கும் போகலாம். சுவரில் தண்ணீர் நின்ற உயரங்கள் கோடு கோடாகத் தெரியும், கீழே ஒட்டிய வண்டல் காய்ந்து செதில் செதிலாக உரியும். நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள். அந்த அம்மா கையை உயர்த்தி மேல் கோட்டைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை. 2008-இல் வறட்சி முற்றியபோது கிரேக்கத்திலிருந்து கப்பலில் குடிதண்ணீர் வந்து லிமசோலில் இறங்கியது. 2025-இல் மறுபடியும் அணைகள் வற்றி, ஐக்கிய அரபு அமீரகம் கடல்நீரைக் குடிநீராக்கும் நடமாடும் எந்திரங்களை அனுப்பி உதவியது. அதனால்தான் இங்கே யாராவது மழை நாளை "மோசமான நாள்" என்று சொல்லிக் கேட்டால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் சலித்துக்கொள்ளலாம், அது அவர்கள் விடுமுறை. இங்கே வாழ்கிற நாம் அப்படிப் பேசக்கூடாது.

மலையில் மழைக்குப் பதில் பனி. ட்ரூடோஸ் மலையின் உச்சி 1,952 மீட்டர், லிமசோலிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் பனி கிடக்கும், சறுக்கு விளையாட்டுக்கு இழுவைக் கம்பிகளும் உண்டு. பனி விழுந்த மறுநாள் ஞாயிறாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தீவே அங்கேதான் இருக்கும். நான்கு சக்கரமும் இயங்குகிற (4WD) வண்டி அல்லது சக்கரத்துக்குச் சங்கிலி இல்லாமல் மேலே போகக்கூடாது என்று போலீஸ் சாலையை மறிப்பார்கள், கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்வது நல்லது. திரும்பி வருகிற பிக்அப் வண்டிகளின் பின்னால் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, 17 டிகிரி வெயிலில் கடற்கரைத் தெருவில் பிள்ளைகளுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் தாமதமாகக் குளிர்ந்து தாமதமாகச் சூடேறும். நவம்பரில் தாராளமாகக் குளிக்கலாம், பிப்ரவரியில்தான் தண்ணீர் மிகக் குளிர்ச்சி, 17 டிகிரி போல. ஜனவரி 6 அன்று, திருக்காட்சிப் பெருநாளில், குருமார் கடலில் சிலுவையை எறிய, இளைஞர்கள் குதித்து எடுத்து வருவார்கள், அதைப் பார்க்க லார்னகாவுக்குப் போகலாம். அப்படியே ஊருக்கு ஒட்டி இருக்கும் உப்பு ஏரிக்கும் போங்கள். கோடையில் வெறும் வெள்ளை உப்புப் படலமாகக் கிடப்பது, மழை பெய்ததும் ஏரியாகி, நவம்பர் வாக்கில் பூநாரைகள் வந்து இறங்கி மார்ச் வரை இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் இந்தத் தீவின் சந்தை ஆளே மாறிவிடும். ஆரஞ்சும் எலுமிச்சையும் இலையோடு குவிந்திருக்கும், மலையோரத்தில் பெண்கள் காட்டுக் கீரைகளையும் காட்டுத் தண்ணீர்விட்டான் தளிரையும் கட்டுக் கட்டாக விற்பார்கள், அதை முட்டையோடு வதக்குவது வழக்கம். எனக்கு மிகவும் பிடித்தது கொலொகாசி. நம்முடைய சேப்பங்கிழங்குதான், ஆனால் பனைப் பழம் போலப் பெரியது. சொத்திரா என்ற கிராமத்துக் கிழங்குக்கு நல்ல பெயர். சமைக்கிற விதம்தான் பார்க்க வேண்டியது. தோல் சீவிய பிறகு தண்ணீரே காட்ட மாட்டார்கள், துணியால் துடைப்பதோடு சரி. கத்தியை நேராக இறக்கி வெட்டவும் மாட்டார்கள். கத்தி நுனியைக் கொஞ்சம் செருகி ஒரு திருப்பு திருப்புவார்கள், டக்கென்று ஒரு சில்லு உடைந்து வரும். அப்படி உடைத்தால்தான் குழம்பு வழவழக்காது என்பார்கள். தக்காளி, செலரி, பன்றி இறைச்சி போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பது அவர்கள் முறை. நான் புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்து, ஆனால் அவர்கள் முறைப்படி உடைத்து வைக்கிறேன், பிரமாதமாக வருகிறது. அப்புறம் திரஹனா. கோதுமைக் குருணையைப் புளித்த பாலில் காய்ச்சி, கோடை வெயிலில் காயவைத்த வற்றல் அது. குளிர்காலத்தில் அதைக் கொதிக்கவிட்டு ஹலூமி சீஸ் துண்டுகள் போட்டுக் கஞ்சியாகக் குடிப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு நிகோசியாவில் அது கிடைத்தால் விடாதீர்கள்.

ஜனவரி நடுவில் காற்றே இல்லாமல், கடல் தட்டையாக, வெயில் இதமாகச் சில நாட்கள் வரும். மீன்கொத்தி முட்டையிடுவதற்காகத் தெய்வங்கள் கடலை அடக்கி வைத்த நாட்கள் என்று பழைய கிரேக்கக் கதை. பிப்ரவரியில் மலையடிவாரத்தில் பாதாம் பூத்துவிடும், மெசவோரியா முழுக்கப் பச்சைத் தானியப் பயிர். கூடவே சஹாராவின் தூசியும் வரும். சில நாள் வானம் மஞ்சளாகி, மழை சேறாக விழும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களில் வெளியே போகாமல் இருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இங்கே இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து வீட்டு வேலையிலும் முதியோரைப் பார்த்துக்கொள்வதிலும் இருக்கிற பெண்கள் ஏராளம். பல வீடுகளில் அவர்களுக்கு ஒதுக்குவது பின்பக்கத்து அறை, வடக்குப் பார்த்தது, ஹீட்டர் இல்லாதது. வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே குளிருகிறது என்று சொன்னால் ஊரில் இருக்கிற குடும்பமே நம்பாது. மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து எடுக்கிற பழைய வீடுகளும் அதே கதைதான். அப்படிப்பட்ட அறையில் இருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு கெட்டிப் போர்வையோ சின்ன எண்ணெய் ரேடியேட்டரோ வாங்கிக் கொடுங்கள், அது மின்சாரத்தில் ஓடும், நெருப்பு இல்லை. கேஸ் ஹீட்டரைச் சின்ன அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது; காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கும் முன் அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும், எரியும்போது ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டு முகவரியோடு சேர்த்து இதையும் சொல்லி அனுப்புங்கள். ரேடியேட்டர் வாங்குவதாக இருந்தால் நவம்பர் நடுவுக்குள் வாங்கிவிடுங்கள், முதல் குளிர் அலை வந்த வாரத்தில் கடைகளில் தீர்ந்துவிடும்.